‘எந்தச் சட்டத்துல கேக்குறீங்க?’: டிஜிட்டல் உரிமை ஆர்வலர்கள் என்னதான் வேலை செய்கிறார்கள்?

புது போன் வாங்கிப் பெட்டியைப் பிரிக்கிறீர்கள். நீங்கள் கேட்காத ஓர் அரசுச் செயலி அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

இந்தியாவில் விற்கப்படும் புதிய போன்களில் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை 90 நாட்களுக்குள் முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும் என்று போன் நிறுவனங்களுக்குச் சொன்னது அந்த உத்தரவு. அதன் வசதிகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் அதில் இருந்தது.

செயலி ஒன்றும் வில்லன் இல்லை. தொலைந்த போனை முடக்கலாம், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், மோசடி அழைப்பு வந்தால் புகார் செய்யலாம். சைபர் மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றது அரசு. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சரும் விளக்கம் கொடுத்தார். ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. டிசம்பர் 3 அன்று, கட்டாயம் என்ற நிபந்தனையை அரசு கைவிட்டது. 1.4 கோடிப் பேர் ஏற்கெனவே தாங்களாகவே செயலியைப் பதிவிறக்கிவிட்டார்கள், இனி கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்பது அரசு சொன்ன காரணம்.

இந்த இடைவெளியில் எதிர்க்கட்சிகள் பேசின, நெட்டிசன்கள் மீம் போட்டார்கள். கூடவே இன்னொரு கூட்டமும் இருந்தது. உத்தரவின் வரிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ‘இதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?’ என்று கேட்டவர்கள். ‘வாபஸ்’ என்று செய்தி வந்த பிறகும், ‘எழுத்துபூர்வமான உத்தரவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று காத்திருந்தவர்கள். டிஜிட்டல் உரிமை ஆர்வலர்கள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். யார் இவர்கள்? என்ன வேலை செய்கிறார்கள்?

‘எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?’

தனியுரிமை என்று பேச்செடுத்தாலே வரும் முதல் பதில் இது. ‘நான் தப்பு எதுவும் பண்ணலையே, பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்.’

ஜவுளிக்கடை பில் கவுன்டரில் போன் நம்பர் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறோம். மருந்துக்கடையிலும் அதே நம்பர்தான். வங்கி, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளி, சாப்பாடு ஆர்டர் செய்யும் செயலி என எல்லா இடத்திலும் அதே பத்து இலக்கம். ஒவ்வொரு இடத்திலும் தெரிவது நம்மைப் பற்றிய ஒரு துண்டு மட்டுமே. எல்லாத் துண்டுகளையும் அந்த ஒரு நம்பரை வைத்து ஒட்டினால், உங்கள் வருமானம், வியாதி, கடன், மாலையில் எங்கே போகிறீர்கள் என்பது வரை யாரோ ஒருவர் மேஜையில் வந்துவிடும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ யார், என்ன செய்வார், அவரை யார் தட்டிக்கேட்பது? பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. தனியுரிமை என்றால் ரகசியம் வைத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. நம்மைப் பற்றிய எந்தத் தகவல் யார் கைக்குப் போகலாம் என்பதில் நமக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

86 வயதில் ஒருவர் போட்ட வழக்கு

இந்தியாவில் இதற்கு அரசியல் சாசன அடித்தளம் கிடைத்தது ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியால். கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 2012-ல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அப்போது அவருக்கு வயது 86.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது மத்திய அரசு வைத்த வாதம் ஒன்று எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தரங்க உரிமை என்பது அடிப்படை உரிமையே அல்ல என்றது அரசு. 1954-ல் எட்டு நீதிபதிகளும் 1962-ல் ஆறு நீதிபதிகளும் கொடுத்த தீர்ப்புகளை அதற்கு ஆதாரமாகக் காட்டியது. அதனால் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உட்கார வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைதான்.

547 பக்கத் தீர்ப்பு அது. ஆனால் ஆர்வலர்கள் தினமும் கையில் எடுப்பது அதிலிருந்து வரும் மூன்று கேள்விகளை. அரசு உங்கள் அந்தரங்கத்துக்குள் வர வேண்டுமானால், ஒன்று, அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். இரண்டு, நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். மூன்று, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்குத்தான் தலையிட வேண்டும். கொசுவை அடிக்கச் சுவரை இடிக்கக் கூடாது.

சஞ்சார் சாத்தியிடம் கேட்கப்பட்டதும் இந்தக் கேள்விகள்தான். நோக்கம் சரி. ஆனால் நாட்டின் எல்லாப் புது போனிலும் கட்டாயமாக ஒரு செயலியைப் போட எந்தச் சட்டம் அனுமதிக்கிறது? விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால் அதே பலன் கிடைக்காதா?

அன்றாட வேலை: படிப்பது, கேட்பது, எண்ணுவது

கோர்ட், போராட்டம் என்று கற்பனை செய்தால் ஏமாற்றம்தான். இந்த வேலையின் பெரும்பகுதி யாரும் படிக்காத ஆவணங்களைப் படிப்பது.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 118 பக்கத்தில் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. மக்கள் கருத்து கேட்டு 20 கேள்விகள். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டுமா, இணையதளங்களுக்கு இடையே கட்டண வித்தியாசம் காட்டலாமா என்றெல்லாம் அதில் இருந்தது. சாதாரண ஆள் முதல் பக்கத்தைத் தாண்டுவதே கஷ்டம். சில தன்னார்வலர்கள் அதை உட்கார்ந்து படித்து, எளிய மொழியில் சுருக்கி, பதில்களையும் தயார் செய்து, ஒரு கிளிக்கில் டிராய்க்கு அனுப்பும்படி இணையதளம் ஒன்றை உருவாக்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன.

அடுத்த ஆண்டு, 2016 பிப்ரவரி 8 அன்று, இணையதளத்துக்கு ஒரு கட்டணம் என்று பாகுபாடு காட்டுவதற்கு டிராய் தடை விதித்தது. ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் இந்தியாவில் மூட்டை கட்டியது அப்படித்தான். அந்த இயக்கத்திலிருந்து பிறந்ததுதான் டெல்லியில் இயங்கும் ‘இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்’.

இரண்டாவது வேலை, ஆர்.டி.ஐ போடுவது. கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலியை நினைவிருக்கிறதா? 2020 மே மாதம் அலுவலகம் போகிறவர்களுக்கெல்லாம் அது கட்டாயம் என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். அந்தச் செயலியை உருவாக்கியது யார் என்று ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். தேசிய தகவலியல் மையத்திடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை. கோடிக்கணக்கானவர்களின் போனில் இருக்கும் செயலி அது! ‘மழுப்பல் பதிலை ஏற்க முடியாது’ என்ற தொனியில் மத்திய தகவல் ஆணையம் அந்த அக்டோபரில் அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அரசு விவரமாகப் பேசியது.

மூன்றாவது, எண்ணுவது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்க உத்தரவு வந்தது தமிழக வாசகர்களுக்கு மறந்திருக்காது. தூத்துக்குடியில் என்ன நடக்கிறது, வெளியே போன பிள்ளை பத்திரமா என்று தெரிய வேண்டிய நேரத்தில் போனில் நெட் இல்லை.

இப்படி நாட்டில் எத்தனை முடக்கங்கள்? உள்துறை அமைச்சகமோ தொலைத்தொடர்புத் துறையோ இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை என்று 2021-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியது. ‘எஸ்.எஃப்.எல்.சி.இன்’ என்ற அமைப்பு செய்திகளையும் உத்தரவுகளையும் தேடித் தேடிப் பட்டியல் போட்டு வருகிறது. 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலகிலேயே அதிக முடக்கங்கள் நடந்த நாடு இந்தியா என்று ‘ஆக்சஸ் நவ்’ என்ற சர்வதேச அமைப்பு சொன்னது. எண்ணுகிறவர் இல்லை என்றால், நடந்ததற்குத் தடயமே இருந்திருக்காது.

காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் போட்ட வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. இணையத்தைக் காலவரையின்றி முடக்க முடியாது, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும். உத்தரவு வெளியானால்தானே அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியும்!

சென்னையில் தொடங்கிய சண்டை

இந்த வேலையில் ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் கெட்டவர்கள் என்று எப்போதும் இருப்பதில்லை. அதற்குச் சரியான உதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-ல் தொடங்கிய ஒரு வழக்கு.

இணையத்தில் அவதூறு, மிரட்டல். போலிக் கணக்கில் ஒளிந்துகொண்டு தாக்குகிறார்கள், போலீஸால் பிடிக்க முடியவில்லை. எனவே சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டையுடன் இணைக்க உத்தரவிட வேண்டும் என்று பொதுநல மனுக்கள் தாக்கலாகின. மனுதாரர்கள் சொன்ன பிரச்சினை நிஜமானது. மார்பிங் படத்தால் கதிகலங்கிப் போன குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவர்களிடம் போய் ‘அந்தரங்க உரிமை’ என்று பாடம் எடுக்க முடியுமா?

விசாரணை நகர நகர ஆதார் விஷயம் பின்னுக்குப் போனது. அரசு சேவைகளைத் தாண்டித் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தடை போட்டிருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி முன்னுக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். வாட்ஸ்அப் செய்தி உங்கள் போனிலிருந்து கிளம்பும்போதே பூட்டப்படுகிறது. சாவி, பெறுபவரின் போனில் மட்டும்தான். நடுவில் இருக்கும் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. முனைக்கு முனை மறையாக்கம், அதாவது எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்பது இதுதான்.

2019-ல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் இந்த வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி, முடியும் என்று நீதிமன்றத்தில் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம். அல்லது அந்த அடையாளத்தையும் பூட்டி வைத்து, கோர்ட் கேட்டால் மட்டும் திறக்கலாம். அவருக்குப் பதில் சொல்ல ஆர்வலர்கள் தரப்பு கொண்டுவந்தது மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரனை. அடையாளத்தைப் போலியாக மாற்ற முடியும், விவரம் தெரிந்த குற்றவாளி நழுவிவிடுவார், சாதாரண மக்களின் அந்தரங்கம்தான் பலியாகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஒரு ஐஐடிக்கு இன்னொரு ஐஐடி. உணர்ச்சி வசனம் இல்லை, அறிக்கைக்கு அறிக்கை. டிஜிட்டல் உரிமை வேலை என்றால் வக்கீல் மட்டும் போதாது, கணினி அறிவியலும் வேண்டும் என்பது இங்கே புரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறெங்கோ வந்த படத்தை எடுத்து, ‘இது உண்மையா?’ என்று கேட்டு நீங்கள் குடும்பக் குரூப்பில் போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அதை முதலில் போட்டவர் நீங்களாக இருந்தால், ‘முதலில் அனுப்பியவர்’ என்ற பட்டம் உங்களுக்குத்தான். படத்தை உருவாக்கியவர் வேறு யாரோ.

வழக்கு ஃபேஸ்புக்கின் மனுவால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே முடிவு வருவதற்குள், 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய ஐ.டி விதிகளைக் கொண்டுவந்தது. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள மெசேஜிங் நிறுவனங்கள், உரிய உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்றது விதி. கடும் குற்றங்களுக்கு மட்டும்தான், செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்க மாட்டோம் என்றது அரசு. ஆனால் யாரோ ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லாருடைய செய்தியிலும் அடையாளம் ஒட்ட வேண்டியிருக்குமே என்பது எதிர்வாதம். அந்த மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன பதில்? ஆர்வலர்கள் சொல்வது இது: செய்திகளைத் திறக்காமலேயே போலீஸுக்குக் கிடைக்கும் தடயங்கள் நிறைய. போன் நம்பர், எப்போது யாரோடு தொடர்பு, குற்றவாளியின் கைபேசி, புகார் கொடுத்தவரின் போனில் இருக்கும் செய்தி. சைபர் கிரைம் பிரிவுக்கு ஆளும் பயிற்சியும் கொடுத்தாலே பல வழக்குகள் நகரும். இந்தப் பதில் எல்லாருக்கும் திருப்தி தருமா என்றால், தராது. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி செய்து வைத்தால், அது போலீஸ் கையில் மட்டும்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஜெயித்த பிறகும் வேலை முடியாது

2012-ல் ஃபேஸ்புக் பதிவுக்காக மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அதே ஆண்டு ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் கைதானார். ஐ.டி சட்டத்தின் 66ஏ பிரிவு செய்த வேலை அது. ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? முடியவில்லை. ரத்தான பிரிவிலேயே காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் போட்டன. ஆர்வலர்கள் நீதிமன்றத் தரவுகளைத் தோண்டி எடுத்து ‘ஸோம்பி ட்ராக்கர்’ என்ற பெயரில் ஓர் இணையதளமே தொடங்கினார்கள். செத்த சட்டம் எழுந்து நடப்பதால் அந்தப் பெயர். 2021 நிலவரப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்ததாக அது காட்டியது. பி.யு.சி.எல் அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். இனி யார் மீதும் 66ஏ-வில் வழக்கு நடத்தக் கூடாது என்ற கறாரான உத்தரவு வந்தது 2022 அக்டோபரில். தீர்ப்பு டெல்லியிலிருந்து காவல் நிலையம் வரை வந்து சேர ஏழு ஆண்டுகள்!

புதிய சட்டம் வந்துவிட்டதே?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027-ல்தான் அமலாகும். உங்கள் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மத அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் கேட்டுப் பெறலாம் என்பது நல்ல விஷயம்.

அப்புறம் ஏன் ஆர்வலர்கள் முணுமுணுக்கிறார்கள்? இரண்டு காரணங்கள். ஒன்று, அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க மத்திய அரசுக்கே பரந்த அதிகாரம். இன்னொன்று, இந்தச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் மாற்றிவிட்டது.

முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டும்தான் மறுக்க முடியும், பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே மறுக்க வழி இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. ஆனால் நூறு நாள் வேலைப் பட்டியலில் போலிப் பெயர் இருக்கிறதா என்று கிராமத்தில் ஒருவர் கேட்டால், ‘அது தனிப்பட்ட தகவல்’ என்று பதில் வந்துவிடுமோ என்பது ஆர்வலர்களின் பயம்.

அந்தரங்க உரிமைக்காகப் போராடுகிறவர்களே இதை எதிர்ப்பது முரணாகத் தெரியலாம். அவர்கள் கணக்கு எளிமையானது. அந்தரங்கம் குடிமக்களுக்கான கவசம், அதிகாரத்தில் இருப்பவர் ஒளிந்துகொள்ளும் திரை இல்லை.

இந்த வேலைக்கு யார் வரலாம்?

வழக்கறிஞர்கள், மென்பொருள் பொறியாளர்கள், தரவு ஆய்வாளர்கள், எழுதத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. பெங்களூரில் 2008-ல் தொடங்கிய ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’ ஆய்வில் கவனம் செலுத்துகிறது. சென்னையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் ஃப்ரீ பேசிக்ஸ் காலத்திலிருந்தே குரல் கொடுத்து வருகிறார்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. மசோதா ஆங்கிலத்தில், கருத்துக் கேட்பு ஆங்கிலத்தில், அதை எதிர்க்கும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சட்டத்தால் பாதிக்கப்படும் ரேஷன் கடை வரிசைக்கு இந்த விவாதம் வந்து சேர்வதே இல்லை. தமிழில் எழுதவும் விளக்கவும் தெரிந்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

ஆர்வலராக ஆகாதவர்களும் ஒன்று செய்யலாம். ஆர்.டி.ஐ போட மத்திய அரசுக் கட்டணம் 10 ரூபாய்தான். அதுவும் வேண்டாம் என்றால், அடுத்த முறை பில் கவுன்டரில் ‘நம்பர் சொல்லுங்க’ என்று கேட்கும்போது, ‘எதுக்குங்க? கண்டிப்பா குடுக்கணுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வேண்டாம்னா பரவாயில்லைங்க’ என்றுகூடப் பதில் வரலாம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் முன் கேட்கப்பட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.